பெடல் பஞ்சு மாதிரி இறங்குது, பெரிய காலிபர் போடலாமா?

போலோ ஜிடி வைத்திருக்கிறேன். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்து, 17 இன்ச் வீல் போட்டாச்சு. ஈசிஆர்-ல் கொஞ்சம் வேகமாகப் போய் பிரேக் மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. டியூனிங் கடையில் பெரிய காலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) கிட் போடச் சொல்கிறார்கள், 1,40,000 ரூபாய். போடலாமா சார்? பிரேக் ஆயில் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவில்லை, நான்கு வருடம் ஆகிறது.
— மேடவாக்கம்

கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் மீதிக் கடிதத்தை எழுதவே வேண்டியிருந்திருக்காது தம்பி.

கடைக்காரர் உங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டாரா? காலையில் வண்டியை எடுத்ததும் முதல் மிதியிலேயே மெத்தென்று இருந்தால் லைனில், அதாவது ஆயில் போகும் குழாயில், ஏர் இருக்கிறது. நாலைந்து தடவை பலமாக பிரேக் அடித்த பிறகு மட்டும் பெடல் இறங்கினால் ஆயில் கொதித்துவிட்டது. பெடல் கெட்டியாகவே இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை என்றால் பேட் சூடு தாங்கவில்லை. சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது கால் மெதுவாகத் தரையைப் பார்த்து இறங்கினால், வெளியில் ஒழுகல் எதுவும் இல்லாத பட்சத்தில், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) சீல் போயிருக்கும். நாலும் நாலு வேறு வியாதி, கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதுவும் 1,40,000 ரூபாய்க்கு.

பெரிய காலிபர் போட்டால் பெடல் இன்னும் மோசமாகவும் வாய்ப்பு இருக்கிறது. காலிபர் பிஸ்டனின் பரப்பு கூடினால் அதைத் தள்ள ஆயிலும் அதிகம் வேண்டும். கம்பெனி கொடுத்த அதே மாஸ்டர் சிலிண்டர் அந்த ஆயிலை அனுப்ப வேண்டுமென்றால் பெடல் இன்னும் ஆழமாகத்தான் போகும். சரி, மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக மாற்றினால்? பெடல் கெட்டியாகும், ஆனால் அதே அளவு பிரேக் பிடிக்க கால் பலம் கூடுதலாகத் தேவைப்படும். இதையெல்லாம் கணக்குப் போட்டு கிட் விற்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கடைக்காரர் போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஆயில். என் வீட்டில் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள், நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும். நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் ஆயிலே இல்லை. கிளைகால் வகைத் திரவம், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் ஆவி வரும், ஆவி அமுங்கும், உங்கள் கால் அந்த ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். நம் ஊரில் துணியே காய மாட்டேன் என்கிறது, நான்கு வருட ஆயில் மட்டும் காய்ந்தா இருக்கும்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், டிராக்கில் ஓட்டினால் அதைவிடச் சீக்கிரம்.

மாற்றும்போது எதிரில் நில்லுங்கள். மெக்கானிக் அலமாரியிலிருந்து மூடி திறந்த பாதி பாட்டிலை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். 2014-ல் நான் நிறுத்தவில்லை. 'நேத்துதான் சார் திறந்தது' என்றார். அந்த பாட்டில் மேல் இருந்த தூசிக்கு ஒரு வயதாவது இருக்கும். 600 ரூபாய் வாங்கிக்கொண்டு பழைய ஆயிலை எடுத்துவிட்டு இன்னொரு பழைய ஆயிலை ஊற்றினார். பத்தாததற்கு, சிந்தியதைத் துடைக்காமல் விட்டதில் ஃபெண்டர் பெயின்ட்டும் உரிந்துவிட்டது. சீல் உடையாத பாட்டிலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

புது ஆயில், நாலு சக்கரத்திலும் முறையாக ஏர் எடுப்பது, அப்புறம் நல்ல பேட். இத்தனையும் செய்த பிறகும் போதவில்லை என்றால் எழுதுங்கள், காலிபர் பற்றிப் பேசலாம்.

டாட் 4-ஐ விட டாட் 5 எண் பெரியது. அதை ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்குமா?
— அம்பத்தூர்

ஊற்றாதீர்கள். டாட் 5 சிலிக்கோன், மற்றதோடு சேராது. 5.1 வேறு, அது கிளைகால்தான். நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள்.

புதுப்பேட்டையில் பெயர் பெற்ற பிராண்ட் பெட்டியில் பேட் செட் வாங்கினேன், 5,200 ரூபாய். இரண்டே வாரத்தில் ஓரம் உதிர்கிறது. திரும்பக் கொண்டுபோனால் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை, பில்லிலேயே போட்டிருக்கு' என்று விரட்டினார்கள். தப்பு என்மேல்தானா?
— வியாசர்பாடி

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பெட்டியைப் பார்த்து ஏமாந்தவர்கள் வரிசையில் நானும் நிற்கிறேன். முதலில் இன்றைக்கே அந்தப் பேடைக் கழற்றுங்கள், வழக்கு அப்புறம். கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெட்டியோடு வைத்திருங்கள், போட்டோ எடுங்கள்.

பில்லில் அந்த வரி இருப்பதால் மட்டும் கடைக்காரர் தப்பிக்க முடியாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வர்த்தக நடைமுறை. உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது, அதனால் தள்ளிப் போடாதீர்கள். கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம், பதிவுத் தபாலில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அப்படியும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிராண்ட் கம்பெனிக்கும் போட்டோ அனுப்புங்கள், டூப்ளிகேட் விஷயத்தில் அவர்களுக்கு உங்களைவிடக் கோபம் வரும்.

மற்றவர்களுக்கு: பில்லில் 'பிரேக் பேட் 1 செட்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். பிராண்டும் பார்ட் நம்பரும் இருக்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில் என்ன இருக்கிறது என்று அந்த மறுப்பே சொல்லிவிடும்.

வெளிநாட்டு செடான் ஒன்றின் நாலு பிஸ்டன் காலிபர் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது, 38,000-க்கு வாங்கிவிட்டேன். என் வண்டியில் பிராக்கெட் பொருந்தவில்லை, 15 இன்ச் வீலிலும் இடிக்கிறது. என்ன செய்யலாம்?
— அண்ணா நகர்

விற்றுவிடுங்கள். அடுத்த முறை டேப் வைத்து அளந்துவிட்டு பணத்தை எடுங்கள்.

பழைய ஹோண்டா சிட்டி விடெக். கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிய பிறகு டிராஃபிக்கில் பெடல் கல் மாதிரி ஆகிறது. காலிபர் ஜாம் என்கிறார் மெக்கானிக்.
— பெரம்பூர்

காலிபரைப் பிரிப்பதற்கு முன் பூஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த பூஸ்டர் வழியாகப் பெடலை இலேசாக்குவது இன்ஜின் தரும் வேக்குவம். பெரிய கேம் போட்டால் ஐடிலில் அது குறையும், அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்தால் தீர்ந்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை மிதியுங்கள், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்குவம் ஹோஸ், அதிலிருக்கும் வால்வு, பூஸ்டர், இந்த வரிசையில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஐடிலில் வேக்குவம் பத்தவில்லை என்றால் தனி வேக்குவம் பம்ப் வைக்கலாம், இல்லையென்றால் பழைய கேமுக்கே திரும்புங்கள்.

ஸ்விஃப்ட். ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ் போட்டேன். பெடல் முன்னைவிட மெத்தென்று ஆகிவிட்டது. 'ஏபிஎஸ் வண்டி இப்படித்தான்' என்கிறார்கள்.
— தாம்பரம்

இப்படித்தான் என்றால் ஹோஸ் போடுவதற்கு முன் எப்படி நன்றாக இருந்தது? ஏர் சரியாக எடுக்கவில்லை. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஏர் மாட்டினால் சில வண்டிகளில் ஸ்கேனர் போட்டு பம்ப்பை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும். அந்த வசதி உள்ள இடத்துக்குப் போங்கள், முதல் கடையில் கூலியைத் திருப்பிக் கேளுங்கள். இன்னொன்று, உங்களுக்குப் பின்னால் டிரம் இருந்தால் ஹேண்ட்பிரேக்கை நாலு கிளிக் இழுத்து வைத்து பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் மேலேயே நின்றால், டிரம்முக்குள் அழுத்தும் ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது, அதற்கு ஹோஸ் தேவையே இல்லை. ஹோஸ் நல்ல பொருள்தான், ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும், இது அவ்வளவு உப்பாது. ஆனால் மலிவானதை வாங்காதீர்கள். நான் வாங்கிய ஒன்று முனையில் கசிந்து, பாடி மேம்பாலம் இறங்கும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்து நின்றேன்.

காலிபருக்கு சிவப்பு கவர் போட்டால் பிரேக்குக்கு ஏதாவது பலன் உண்டா அண்ணே?
— போரூர்

இல்லை. 900 ரூபாய்க்கு நாலு வாங்கினேன், ஒன்று மதுரவாயல் பைபாஸில் கழன்று விழுந்தது. மூன்று பாக்கி இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.