ஆறும் பாதிக்கப்பட்ட தரப்புதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிலைமாறுகால நீதி, அதாவது நடந்த கொடுமைகளின் உண்மையை வெளிக்கொணர்ந்து, பொறுப்பானவர்களைக் கேள்வி கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரம் தேடும் முயற்சி, போருக்குப் பின் பேசப்படுவது. சுற்றுச்சூழல் சீரழிவுக்கும் அது தேவை என்று எழுதியிருந்தீர்கள். வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினால் போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது என்றே நினைக்கிறேன். நைஜீரியாவில் ஓகோனி மக்கள் வாழும், எண்ணெய் எடுக்கப்பட்ட பகுதியான ஓகோனிலாந்தைப் பாருங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, அங்கே ஓர் ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில் பென்சீன் இருந்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பைப்போல 900 மடங்குக்கும் மேல்! நிலத்தடி நீரின்மேல் 8 செ.மீ. கனத்துக்கு எண்ணெய் மிதந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இதை வெறும் எண்ணெய்க் கசிவு வழக்காக எப்படிப் பார்ப்பது? அந்த மண்ணுக்காகப் போராடிய கென் சாரோ விவாவையும் கூட இருந்த எட்டுப் பேரையும் ராணுவ ஆட்சி 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. நிலத்தைக் கெடுத்ததும் கேட்டவர்களின் வாயை அடைத்ததும் ஒரே கதை. இழப்பீட்டு வழக்கு பாழான வயலுக்கு விலை போடும். யாருக்கு என்ன தெரிந்திருந்தது, யார் மறைத்தார்கள் என்று தோண்டித் துருவாது.

கொலம்பியாவில் வேறு வழி திறந்தது. 2015இல் கெரில்லாக்கள் குழாயைத் தகர்த்ததில் சுமார் 10,000 பீப்பாய் கச்சா எண்ணெய் டுமாக்கோ பகுதி ஆறுகளில் கலந்து, குடிநீர் நின்றுபோனது. அடுத்த ஆண்டு அரசுக்கும் அந்தக் கெரில்லாக்களுக்கும் அமைதி ஒப்பந்தம். அதன்வழி, போர்க்காலக் குற்றங்களை விசாரிக்க ஒரு சிறப்பு நீதிமன்றம் பிறந்தது. அந்த வட்டாரத்தில் வாழும் அவா பழங்குடியினரின் நிலத்தையே பாதிக்கப்பட்ட தரப்பாக அது 2019இல் ஏற்றது. அவர்கள் அந்த நிலத்தை ‘கட்சா சூ’ என்பார்கள். காடும் ஆறும் மனிதரும் சேர்ந்ததுதான் கட்சா சூ. அந்த மக்களின் சொல்லிலேயே ஒரு நீதிமன்றம் இழப்பைப் புரிந்துகொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, விசாரித்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. நைஜீரியாவிலும் மனித உரிமை மீறல்களை விசாரிக்க 1999இல் ஓர் ஆணையம் அமைந்தது. ஓகோனி மக்களும் அதன்முன் பேசினார்கள். அறிக்கையை அரசு வெளியிடவே இல்லை. மனம் திறந்து பேசியவர்களுக்கு அது இன்னொரு காயம்.

வழக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓகோனிலாந்தை முழுதாக மீட்க 25 முதல் 30 ஆண்டு ஆகலாம் என்கிறது அதே ஐ.நா. அறிக்கை. கெட்டுப்போன கிணறுகளுக்கு அடையாளமிட்டு, மக்களுக்கு உடனே மாற்றுக் குடிநீர் கொடுக்கவும் அது சொன்னது. விசாரணை தொடங்கும் நாளிலேயே அந்தத் தண்ணீரும் வந்து சேர வேண்டும்.

அன்புடன்