பட்டை வரைபடத்தில் 96-இன் பட்டை 92-இன் பட்டையைப் போல ஏன் இரு மடங்கு உயரமாகத் தெரிகிறது?

செங்குத்து அச்சின் குறைந்தபட்ச மதிப்பை 0 ஆக்குங்கள். 96-இன் பட்டை 92-ஐப் போல இரு மடங்கு உயரமாகத் தெரிவது நின்றுவிடும். கூகுள் ஷீட்ஸில் படத்தை இரட்டைக் கிளிக் செய்தால் எடிட்டர் திறக்கும். அதில் தனிப்பயனாக்கும் பகுதிக்குப் போய், செங்குத்து அச்சு என்ற பிரிவில் குறைந்தபட்ச மதிப்பைப் பாருங்கள்.

உங்கள் அச்சு அநேகமாக 88-இல் தொடங்குகிறது. அப்போது கண்ணுக்குத் தெரிவது 88-க்கு மேலுள்ள மிச்சம் மட்டும்தான்: 4, 8. அதான் இரு மடங்கு. எண்கள் நெருக்கமாக இருந்தால் கருவியே சில சமயம் இப்படி வெட்டிவிடும். கோட்டு வரைபடத்தில் அது பரவாயில்லை. பட்டையில் நீளம்தான் மதிப்பு. அடியை வெட்டினால் படம் பொய் சொல்லும்.

சரிபார்க்க: 96 ÷ 92 = சுமார் 1.04. திரையில் ஸ்கேல் வைத்து அளந்தாலும் (நான் வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்) உயர விகிதம் அதே வர வேண்டும்.

மாற்றியதும் இரண்டும் ஒரே உயரம் போலத் தோன்றும். அந்த 4 புள்ளி வித்தியாசம்தான் முக்கியம் என்றால் பட்டை மேல் எண்ணை எழுதுங்கள், அல்லது புள்ளி வரைபடத்துக்கு மாறுங்கள். அப்புறம், தரவில் எதிர்ம எண்கள் இருந்தால் 0 போடாதீர்கள். அந்தப் பட்டைகள் காணாமல் போய்விடும்.