ஷாலிமார் செண்டு: கேட்டவர்களுக்குப் பதில்

கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினைந்து வருடமாகப் பூசுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஆசையாக வாங்கினேன். அடித்தவுடன் தார் வாசனை வருகிறதே, போலியா?

போலியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. முதலில் வருவது பெர்கமோட், நாரத்தை இனத்துப் பழத்தின் தோல் எண்ணெய். அதன் அடியிலேயே பதனிட்ட விலங்குத் தோலின் மணமும் புகை மணமும். இரண்டும் கலக்கும்போது சிலருக்குத் தார், சிலருக்குச் சுட்ட ரப்பர். இருபது நிமிடம் கையை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். அப்புறம் ஐரிஸ் வேரின் பவுடர் மணம் எழும். கடைசியில் வெனிலா, டோங்கா விதை (இனிப்பு மணமுள்ள ஒரு மரத்தின் விதை), சாம்பிராணி. குழந்தையைக் குளிப்பாட்டிப் புகை காட்டுவோமே, அதே சாம்பிராணிதான். கடையில் அட்டைத்துண்டில் அடித்து முகர்ந்துவிட்டு வேண்டாம் என்பவர்கள் இந்தக் கட்டத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

கேள்வி: இவ்வளவு இனிப்பு எதனால்?

எத்தில் வெனிலின், வெனிலா மணம் தரும் செயற்கைப் பொருள். வெனிலாவின் மணத்துக்குக் காரணமான சாதாரண வெனிலினைவிடச் சுமார் மூன்று மடங்கு வீரியம். 1889-இல் வந்த ஜிக்கி என்ற கெர்லான் செண்டில், அந்தக் குடும்பத்துச் செண்டு தயாரிப்பாளர் ழாக் கெர்லான் இதைக் கொட்டிப் பார்த்தார், ஷாலிமார் பிறந்தது என்பார்கள். 1925 பாரிஸ் கண்காட்சியில் பெயர் வாங்கியது. வெனிலா மட்டும் என்றால் பேக்கரி வாசலில் நிற்பதுபோல் இருக்கும். அதைப் பெண்ணின் செண்டாக்குவது உள்ளே ஒளிந்திருக்கும் புனுகு. அன்று அசல், இன்று செயற்கை.

கேள்வி: ஷாஜகான் மும்தாஜுக்காகப் போட்ட தோட்டத்தின் பெயர்தானே?

நல்ல கதை. ஆனால் லாகூர் ஷாலிமாரில் வேலை தொடங்கியது 1641-இல், மும்தாஜ் இறந்தது 1631-இல். ஸ்ரீநகர் ஷாலிமாரோ ஜஹாங்கீர் போட்டது. கதை செண்டை விற்றது, சரி.

கேள்வி: வெயில் காலத்தில் ஆபீசுக்குப் பூசலாமா?

ஒரே ஒரு தடவை, முழங்காலுக்குப் பின்பக்கம். சூட்டில் வெனிலா ஏறிக்கொண்டே போகும். ஓ த துவாலெத் என்ற, செறிவு குறைந்த வகையில் எலுமிச்சைப் பக்கம் தூக்கல், பகலுக்கு அது தேவலாம். ஒருநாள் நான்கு தடவை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். ஆறாம் மாடிக்குப் போகவேண்டியவர் இரண்டிலேயே இறங்கிக்கொண்டார்.

கேள்வி: எனக்கு ஒரு மணி நேரத்தில் மணமே போய்விடுகிறதே?

போகவில்லை, உங்கள் மூக்கு பழகிவிட்டது. மேலும் அடிக்காமல் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். மறுநாள் துப்பட்டாவை எடுத்து முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: சேலையில் கறை பிடிக்குமா?

பிடிக்கும். வெனிலின் நாள்பட்டால் பழுப்பேறும், பாட்டிலில் திரவம் கருப்பதும் அதனால்தான். என் சந்தன நிறப் பட்டு ரவிக்கையில், கழுத்தோரம், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறை. டிரை கிளீனிங்குக்கு மசியவில்லை. உடம்பில் அடித்து, காய்ந்தபிறகு உடுத்துங்கள்.

கேள்வி: பாத்ரூம் அலமாரியில் வைக்கலாமா?

வேண்டாம். அட்டைப்பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் முதலில் கெடுவது பெர்கமோட்தான்.