பனி நின்ற பிறகும் நியூயார்க்–பாஸ்டன் ரயில் ரத்து: டிக்கெட் பணம் திரும்ப வருமா?

வயதான அம்மாவோடு இந்த ரயிலில் போகவிருக்கும் ஒருவர், பனி நின்ற பிறகும் ஏன் ரத்து, பணம் வருமா என்று கேட்டிருந்தார். அவருக்கான பதில் இது: முழுப் பணமும் வரும். ரயிலை இயக்கும் அமெரிக்க நிறுவனமான ஆம்ட்ராக்கே அதை ரத்து செய்தால் பிடித்தம் கிடையாது. அவசரப்பட்டு நீங்களாகக் கேன்சல் செய்துவிடாதீர்கள். முதலில் செயலியில் உங்கள் ரயில் எண்ணைப் போட்டு, அந்த ரயில்தான் ரத்தா என்று பாருங்கள்.

“பனிதான் நின்றுவிட்டதே” என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பாயிண்ட்தான் காரணமாக இருக்கும். தண்டவாளம் பிரியும் அந்த இடத்தில், நகரும் தண்டவாளத்துக்கும் நிலையானதுக்கும் நடுவே பனி இறுகிவிட்டால் இரண்டும் சேராது. சேராவிட்டால் ரயில் போக சிக்னல் விழாது. அங்கே பொருத்தியிருக்கும் ஹீட்டர் உருக்க உருக்க, காற்று பனியை வாரிக் கொட்டிக்கொண்டே இருக்கும். மேலே மின்கம்பியில் ஐஸ் பிடித்தால் அது தனிச் சிக்கல்.

ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட் என்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வயதான அம்மாவோடு போகிறீர்கள். ரயில் உறுதியாகும்வரை ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டாம்.