பசியா, பனியன் கம்பெனியா?

கேள்வி: குழந்தைத் தொழிலாளர், அடிமாட்டுக் கூலி என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். 1993-ல் அமெரிக்கா மிரட்டியதும் வங்கதேச ஆடை ஆலைகளிலிருந்து 50,000 பிள்ளைகளைத் துரத்திவிட்டார்கள். அவர்கள் கல் உடைக்கவும் அதைவிடக் கேவலமான தொழில்களுக்கும் போனார்கள். பட்டினி கிடப்பதற்கு வேலை பார்ப்பது மேல் இல்லையா? தன் ஊர்ப் பிள்ளைகளை மில்லில் போட்டுப் பணக்காரனான வெள்ளைக்காரன் நமக்குப் பாடம் நடத்தலாமா? டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையனிடம் டீ வாங்கிக் குடிக்கிற நமக்கு இதையெல்லாம் பேச என்ன யோக்கியதை?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருப்பூர்

பதில்: வங்கதேசத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. பிள்ளைகள் செய்த பொருளை அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்று செனட்டர் டாம் ஹார்க்கின் 1992-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார், அடுத்த வருடம் மறுபடி கொண்டுவந்தார். கடைசிவரை அது சட்டமாகவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டே பயந்துபோன டாக்கா முதலாளிகள் பிள்ளைகளை ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ளினார்கள். அவர்களில் பலர் கல் உடைக்கப் போனதையும், சில சிறுமிகள் பாலியல் தொழிலில் சிக்கியதையும் ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யூனிசெஃபே 1997 அறிக்கையில் எழுதியது. நீங்கள் சொல்லும் 50,000 என்ற மதிப்பீடும் அதில் உள்ளதுதான்.

சரி, அப்புறம்? கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 1995 ஜூலை 4-ம் தேதி வங்கதேச ஆடை ஏற்றுமதியாளர் சங்கமும் யூனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 14 வயதுக்குக் கீழே யாரையும் இனிப் புதிதாகச் சேர்க்கக்கூடாது. ஏற்கெனவே இருக்கும் பிள்ளையைப் பள்ளியில் இடம் தயாராகாமல் வெளியே அனுப்பக்கூடாது. படிக்கிற பிள்ளைக்கு மாதம் 300 டாகா (வங்கதேசப் பணம்). எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று: பிள்ளை விட்டுப்போன வேலையை அதே குடும்பத்துப் பெரியவருக்குத் தர வேண்டும். குறை இல்லாமல் இல்லை. 300 டாகா அந்தப் பிள்ளைகள் ஆலையில் வாங்கியதைவிடக் குறைவு. முன்பே துரத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இது எட்டவும் இல்லை. ஆனாலும் பாருங்கள்: 1993-லும் 1995-லும் அதே ஊர், அதே முதலாளிகள், அதே வறுமை. இரண்டு வருடத்தில் ஏழைகள் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. முதலில் கதவைச் சாத்தினார்கள், பிறகு உட்கார்ந்து யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். 'பட்டினியா, வேலையா' என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளையிடம் இந்த இரண்டை மட்டும் நீட்டியது யார் என்று நான் உங்களைக் கேட்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தைக்கிறவரின் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுப்பது, தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவது. உங்கள் ஊரில் கைமடி, பிசிறு வெட்டு என்பீர்கள். பதினோரு வயதுப் பிள்ளைதான் செய்ய முடியும் என்று அதில் ஏதாவது இருக்கிறதா? பெரியவருக்குக் கொடுப்பதில் பாதி கொடுத்தால் போதும், ஓவர்டைம் காசு எங்கே என்று கேட்காது, அதட்டினால் அழும், ஆனால் எதிர்த்துப் பேசாது. இதுதான் அந்தப் பிள்ளையின் தகுதி.

சிவகாசியில் இதே கதையை வேறு மாதிரி சொன்னார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்க, சின்ன விரல்தான் வேண்டும் என்று எண்பதுகளில் கூச்சமில்லாமல் பேசினார்கள். பொழுது விடியும் முன்பே கம்பெனி பஸ் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கத்தோடு அள்ளிக்கொண்டு வரும். வீட்டில் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அனுப்பாமல் இருக்க முடியாது. இன்று அந்த வேலையை இயந்திரமும் பெரிய பெண்களும் செய்கிறார்கள். பிஞ்சு விரல் படவில்லை என்று தீக்குச்சி எரியாமல் இருக்கிறதா என்ன?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாதிக் கூலிக்கு மகன் கிடைக்கிற ஊரில் அப்பனுக்கு முழுக் கூலி யார் கொடுப்பார்கள்? பிள்ளை உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்று உருகுகிறோம். அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய கூலியை இறக்கி வைத்திருப்பதே அந்தப் பிள்ளையின் மலிவுதான். சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சரியாகவே பிடித்தது: வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். தீர்ப்பு அமலான லட்சணத்தை இங்கே எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது.

வெள்ளைக்காரனின் யோக்கியதைக்கு வருவோம். நீங்கள் சொல்வதைவிட மோசமாகவே ஓர் உதாரணம் நான் தருகிறேன். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மில்லில் வைக்கக்கூடாது, 7 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. அந்தச் சட்டத்துக்காக லண்டனில் நெருக்கடி கொடுத்தவர்களில் மான்செஸ்டர் மில் முதலாளிகள் முக்கியமானவர்கள். குழந்தைகள் மேல் பாசம் பொங்கி அல்ல. பம்பாய் மில் துணி அவர்கள் வியாபாரத்தில் கை வைத்துவிட்டது. உடனே நம் பக்கம் என்ன சொன்னார்கள்? தேசியம் பேசிய பத்திரிகைகள் பலவும், சுதேசித் தொழிலை நசுக்கும் சதி இது என்று சட்டத்தை எதிர்த்தன. சதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சதியால் மில்லைவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது ஆறு வயதுப் பிள்ளை. அதை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லி எழுதியவர்கள் என் தொழிலைச் செய்தவர்கள் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. நீங்களும் இன்று அதே வரியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் 140 வருடம் ஆகிவிட்டது.

பெரியவர்கள் விஷயத்தில் உங்களோடு நான் பாதி தூரம் வருகிறேன். கிராமத்திலிருந்து வந்த பெண்ணுக்கு டாக்கா ஆலைதான் கையில் காசு கொடுத்தது. ஆலையை மூடச் சொல்லி அங்கே எந்தத் தொழிலாளியும் கேட்கவில்லை. 'விரும்பித்தானே வேலைக்கு வருகிறார்கள்' என்று நீங்கள் அடுத்த அடி வைக்கும்போதுதான் நான் நின்றுவிடுகிறேன்.

2013 ஏப்ரல் 23-ம் தேதி, டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில் இருந்த ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடத்தில் விரிசல் விழுந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல் மாடிகளில் ஐந்து ஆடை ஆலைகள். மறுநாள் காலை தையல்காரப் பெண்கள் உள்ளே போகத் தயங்கி வெளியே நின்றார்கள். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்றார்கள் ஆலை மேலாளர்கள். மாதக் கடைசி. ஏறிப் போனார்கள். கட்டிடம் இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். அன்று அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,000 டாகா. வங்கிக்காரருக்கும் தையல்காரிக்கும் விரிசல் ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல முடிந்தது ஒருவரால் மட்டும். ஆலை ஒழுங்காக இருக்கிறது என்று சான்றிதழ் தரும் தணிக்கைக்காரர்கள் வந்துபோன ஆலைகளும் அந்தக் கட்டிடத்தில் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு பிராண்டுகள், ஆலைகளின் பாதுகாப்புக்காகத் தங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளைப் பொறியாளர்கள் போய்ப் பார்த்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் அதே வருடக் கடைசியில் 5,300 டாகா ஆனது. சம்பளம் கூடினால் ஏற்றுமதி படுத்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். ஏற்றுமதி கூடியது. 2023-ல் தொழிற்சங்கங்கள் 23,000 டாகா கேட்டுத் தெருவில் இறங்கின, கிடைத்தது 12,500. வருடா வருடம் பீஸுக்குக் காசைக் குறைக்கச் சொல்லும் வெளிநாட்டு வாங்குபவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு எழுதிய இந்தச் சூடான கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

கடைசியாக, டீக்கடைப் பையன். டீக்கடையிலும் வீட்டு வேலையிலும் 14 வயதுக்குக் கீழே வைக்கக்கூடாது என்பது 2006 அக்டோபர் 10 முதல் சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள், நானும் செய்வேன். ஆனால் செய்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கடைக்காரர் பையனை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால் டாக்காவில் நடந்ததுதான் இங்கேயும். அந்தப் பையன் எந்த ஊர், வீட்டில் கடன் எவ்வளவு, எந்தப் பள்ளியில் இடம் என்று அதிகாரிகளை விடாமல் கேட்க வேண்டும். இடையில் படிப்பு நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆவணம் இல்லை என்று தலைமை ஆசிரியர் திருப்பி அனுப்பவும் அதே சட்டப்படி முடியாது.