முதுகில் குத்தியது மக்களா?

கேள்வி: போர் தொடங்கும்போது கொடி பிடிக்கிற மக்கள், அது இழுத்துக்கொண்டே போனால் கைகழுவி விடுகிறார்கள். வியட்நாமில் அமெரிக்க மக்கள் செய்தது அதுதான். இலங்கைக்குப் போன அமைதிப்படைக்கு நம் மக்கள் செய்ததும் அதுதான். ஊரில் இருப்பவர்களே முதுகில் குத்தினால் களத்தில் நிற்பவன் எப்படி ஜெயிப்பான்?
– முன்னாள் ராணுவத்தினர் ஒருவர், பரதராமி

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதியை நான் ஏற்க மாட்டேன். மக்கள் போரைக் கைவிட்டதையும் போருக்குப் போனவர்களைக் கைவிட்டதையும் ஒரே குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். முதலாவது குற்றமே அல்ல. இரண்டாவதற்கு வருகிறேன்.

வியட்நாமையே எடுத்துக்கொள்வோம். அங்கே படை அனுப்பியது தவறா என்று 1965 ஆகஸ்டில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் கேட்டது. நூற்றுக்கு 24 பேர்தான் தவறு என்றார்கள். 1968 ஆகஸ்டில் அதே கேள்விக்கு 53 பேர் தவறு என்றார்கள். இந்த மூன்று வருஷத்தில் மக்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று பாருங்கள். 1967 நவம்பரில், வியட்நாமில் அமெரிக்கப் படையை நடத்திய தளபதி வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனுக்கே வந்து, முடிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றார். பத்து வாரத்தில், ‘டெட்’ என்ற வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி எதிர்த்தரப்பின் பெரிய தாக்குதல் வந்தது. தென் வியட்நாம் தலைநகர் சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிராளி புகுந்துவிட்டான். ராணுவக் கணக்கில் அந்தத் தாக்குதலில் அடி வாங்கியது வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் தரப்புதான் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. ஆனால் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர், நவம்பரில் கேட்ட பேச்சையும் ஜனவரியில் பார்த்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1971இல் பென்டகன் ஆவணங்கள், அதாவது வியட்நாம் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வைத்திருந்த ரகசிய ஆவணங்கள், பத்திரிகைகளில் வந்தபோது, அரசு உள்ளே ஒன்று பேசி வெளியே ஒன்று சொல்லிவந்தது எழுத்திலேயே தெரிந்துபோனது. அதற்குப் பிறகும் குத்தியவர்கள் மக்கள்தான் என்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போரின் மேல் நம்பிக்கை இழந்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக இழப்பதில்லை. 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வு வாக்கெடுப்பில், அதிபர் ஜான்சனை எதிர்த்த அவர் கட்சிக்காரர் மெக்கார்த்திக்கு நூற்றுக்கு 42 ஓட்டு விழுந்தது. மெக்கார்த்தி போரை நிறுத்தச் சொன்னவர். ஆனால் அவருக்குப் போட்டவர்களில் பலர், ஜான்சன் இன்னும் கடுமையாக அடிக்கவில்லையே என்ற எரிச்சலில் போட்டார்கள். கிளம்பு என்பவரும் முடித்துவிட்டுக் கிளம்பு என்பவரும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போட்டார்கள். அந்த மாதக் கடைசியிலேயே, இனி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று ஜான்சன் அறிவித்துவிட்டார்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்த விஷயம் இல்லை. நம் தமிழ்நாடு–ஆந்திர எல்லைப் பக்கத்தில் கண்ணால் பார்த்தது.

1987இல் நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஜூனில் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டபோது எங்கள் தெரு டீக்கடையில் எல்லாருக்கும் இலவச டீ. ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அமைதிப்படை போனது. போராளிகளிடமிருந்து ஆயுதங்களை வாங்கி வைக்கிற வேலை, சீக்கிரம் திரும்பிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அக்டோபரில் அந்தப் படையே புலிகளோடு சண்டை போட ஆரம்பித்தது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் செத்த செய்தி வந்தபோது அந்த டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிட்டார்கள்.

நான்கு வீடு தள்ளி ஒரு அக்கா பீடி சுற்றுவார். வீட்டுக்காரர் அமைதிப்படையில் சிப்பாய். அக்காவுக்குப் பிறந்த வீடு இங்கே, மாமியார் சித்தூர்ப் பக்கம், தெலுங்கு பேசுகிறவர். மகன் போனதிலிருந்து மருமகளோடு வந்து இருந்தார். இன்லண்டு கடிதம் வந்தால் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். அனுப்புநர் முகவரியில் ஊர்ப் பேரே இருக்காது, ஒரு நம்பரும் ராணுவத் தபால் நிலையத்தைக் குறிக்கிற 56 ஏ.பி.ஓ.வும்தான். உள்ளே மழை, சாப்பாடு, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்ற விசாரிப்பு. அக்கா கடிதத்தை வாங்கி மடித்து, முறத்தில் புகையிலைத் தூளுக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடுவார். முதல் சில மாதங்கள் என்னைக் கேட்டதெல்லாம், “எப்ப வர்றாராம்?” என்பதுதான். அடுத்த மழைக்காலத்துக்குள் கேள்வி மாறிவிட்டது. ஒருநாள் படித்து முடித்ததும் அந்தப் பாட்டி என்னைப் பார்த்து ஒரே வார்த்தை கேட்டார்: “எந்துக்கு?” எதுக்காக அங்கே இருக்கிறான் என் பிள்ளை?

பள்ளிக்கூடப் பையன் நான், என்ன சொல்வேன்? டெல்லியில் இருந்தவர்களே ஒரே பதிலைச் சொல்லவில்லை. தமிழரைக் காக்க என்றார்கள், ஒப்பந்தத்தைக் காக்க என்றார்கள், ஆயுதத்தைப் பறிக்க என்றார்கள். டீக்கடையில் தமிழ்க்காரர்களுக்கு, நம் சனத்தையே நம் படை சுடுகிறதே என்று ஆறாத வேதனை. சித்தூரிலிருந்து வந்துபோகிற தெலுங்குக்காரர்களுக்கு, யாரோ வீட்டுச் சண்டையில் நம் பிள்ளை ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வேறு வேறு காரணத்துக்காக, படை திரும்பட்டும் என்றார்கள். இதைத்தான் மேலே நியூ ஹாம்ப்ஷயரில் சொன்னேன். 1989 ஜூனில் இலங்கை அதிபர் பிரேமதாசாவே கிளம்புங்கள் என்றார். வரச் சொன்ன நாடும் விரும்பவில்லை, காக்கப் போன சனமும் விரும்பவில்லை. இதற்கு மேலும் ஊரில் இருப்பவர்கள் ஆதரவைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்றால், எதைப் பிடித்துக்கொண்டு?

மறதியைப் பற்றிக் கேட்டிருந்தால் ஆப்கானிஸ்தானைச் சொல்லியிருப்பேன். அமெரிக்கா அங்கே 20 வருஷம் இருந்தது. கட்டாய ராணுவ சேவை 1973லேயே நின்றுவிட்டதால் தானாகச் சேர்ந்த பிள்ளைகள்தான் போனார்கள். போருக்காக வரி கூட்டவில்லை, குறைத்தார்கள், செலவுக்குக் கடன் வாங்கினார்கள். தங்கள் நாடு போரில் இருக்கிறது என்பதே பல வீடுகளில் நினைவில்லாமல் போனது. வியட்நாம் காலத்தில் தெருவில் இறங்கிக் கத்தியவர்களை விட இந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கத்துகிறவர் குறைந்தபட்சம் அங்கே ஒரு பையன் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, உங்கள் பாதிக்கு வருகிறேன். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பேன் என்பது அவர் தரப்பு. அந்த மனவலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் படையை அனுப்பியது சிப்பாய் இல்லை. அங்கே இறந்த நம் வீரர்கள் 1,100 பேருக்கு மேல். அனுப்பும் முடிவை எடுத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை, கப்பலிலிருந்து இறங்கியவனிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டோம். அது தவறு. அதில் எனக்கும் பங்கு உண்டு.

அக்காவின் வீட்டுக்காரர் ஏப்ரலில் வந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, சித்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி டீக்கடை வழியாக நடந்தார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். யாரோ ஒருவர் “வாப்பா” என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக அவர் கடிதத்தை வரி விடாமல் படித்தவன் நான். நானும் எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நீங்கள் அமைதிப்படையில் இருந்தீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. இருந்திருந்தால், எந்த ஊரில் நின்றீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள், திரும்பி வந்த அன்று உங்களிடம் யார் என்ன கேட்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கம் வந்தாலும் வெட்டாமல் போடுகிறேன்.