அரசின் மீது மக்களுக்குள்ள திருப்தியையும் நம்பிக்கையையும் கருத்துக்கணிப்பால் அளக்க முடியுமா? என்னை இதுவரை யாருமே கேட்டதில்லையே!

இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் இயலவில்லை. கணிப்புகள் எல்லாம் அறைக்குள் உட்கார்ந்து எழுதப்படுபவை என்று நீங்களும் கருதுவதாகத் தெரிகிறது. அப்படி எழுதப்படுபவையும் இருக்கலாம். ஆனால் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் அலைந்தவன் நான்.

உங்களைக் கேட்காததில் வியப்பில்லை. தமிழ்நாட்டின் வாக்காளர்கள் 5 கோடிக்கும் மேல். யார் விருப்பமும் கலக்காமல் குலுக்கல்போலத் தேர்ந்த 1,000 பேரைக் கேட்டாலே, விழுக்காட்டில் ஏறத்தாழ 3 புள்ளிகள் முன்பின்னாக விடை கிடைத்துவிடும். பட்டியலில் குறித்த நபர் வயலுக்குப் போயிருந்தால் மாலையில் மறுபடி போக வேண்டுமே தவிர, திண்ணையில் இருப்பவரைக் கேட்டு நிரப்பக் கூடாது. இதில் எனக்குக் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

பத்தாண்டுகளுக்கு முன், செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் அரசின் செயல்பாடு திருப்தியளிக்கிறதா என்று கேட்டேன். என் கையிலிருந்த பட்டியலையும் கழுத்தில் தொங்கிய அட்டையையும் பார்த்தவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்றார். எல்லாக் கேள்விகளுக்கும் அதே குரலில் அதே விடை. படிவத்தை மூடிப் பைக்குள் வைத்த பிறகு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அஞ்சு மாசமா முதியோர் பணம் வரல. யாரைப் பார்க்கணும்னு தெரியல. ஒரு மனு எழுதித் தர்றியா?" நான் 'சாராக' இருந்தவரை கிடைக்காத விடை, 'தம்பி' ஆனதும் கிடைத்தது. மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். படிவத்தைத் திருத்த மேற்பார்வையாளர் அனுமதிக்கவில்லை. அவர் சொன்னது முறைப்படி சரிதான். களப்பணியாளர் தம் விருப்பப்படி விடைகளைத் திருத்தத் தொடங்கினால் எந்தக் கணிப்பும் நிற்காது.

ஒரேயொரு மூதாட்டியை வைத்துக்கொண்டு மொத்தக் கணிப்பையும் மறுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கேட்பவரை அரசு ஆள் என்று நினைத்தால் மக்கள் 'திருப்தி' என்பார்கள் என்பதும், அவர்களுக்கு 'அரசாங்கம்' என்பது சில வேளை முதலமைச்சராகவும் சில வேளை கிராம நிர்வாக அலுவலராகவும் இருக்கிறது என்பதும்தான் நான் சொல்ல வருவது. அதனால்தான் நல்ல கணிப்புகள் நம்பிக்கையைப் பிரித்துப் பிரித்துக் கேட்கின்றன. தெற்காசியாவின் ஐந்து நாடுகளில் 2005 வாக்கில் நடந்த பெரிய ஆய்வொன்றில், இந்தியர்கள் இராணுவத்தை மிகுதியாகவும் காவல்துறையையும் கட்சிகளையும் குறைவாகவும் நம்புவதாகச் சொன்னார்கள். 'அரசை நம்புகிறீர்களா' என்று மொத்தமாகக் கேட்டிருந்தால் இந்த வேறுபாடு மறைந்துபோயிருக்கும்.

தனியொரு எண்ணைவிட, ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் கேட்டு வருவதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்காவில், அரசு சரியானதைச் செய்யும் என்று எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்ற கேள்வி 1958 முதல் கேட்கப்படுகிறது. அன்று நான்கில் மூவர் எப்போதுமோ பெரும்பாலுமோ நம்புவதாகச் சொன்னார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. கேட்பவரை அரசு ஆள் என்று அஞ்சுவதால் வரும் பிழை அன்றும் இன்றும் ஒரே அளவில் இருந்தால், அது அந்த இறக்கத்தை மறைக்காது. ஆனால் ஆட்சி மாறும்போது மக்களின் அச்சமும் கூடிக் குறைகிற இடத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை பார்த்த நிறுவனம் நாள்கூலி தராமல் படிவத்துக்கு இவ்வளவு என்றே தந்தது. மூதாட்டியோடு நான் செலவிட்ட அந்த ஒரு மணி நேரத்தில் உடன் வந்தவர் மூன்று படிவங்களை முடித்துவிட்டார். பேருந்துக் கட்டணம்கூட எங்கள் கையிலிருந்துதான் போனது. அடுத்த முறை ஒரு கணிப்பைப் பார்க்கும்போது எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதோடு, கேட்கப் போனவருக்கு எப்படிக் கூலி கொடுத்தார்கள் என்றும் விசாரியுங்கள்.